60 லட்சம் ரூபாய் கார் 18 லட்சத்துக்கு கிடைக்குதா? வாங்கும் முன் போட வேண்டிய முழு கணக்கு

இன்ஸ்டாகிராம் ரீல்ஸில் அடிக்கடி கண்ணில் படும் காட்சி இது. வெள்ளை நிற ஜெர்மன் கார், மேலே சன்ரூஃப், உள்ளே பழுப்பு நிற லெதர் சீட். வீடியோவில் ஒருவர் சொல்வார்: "புதுசா எடுத்தா 60 லட்சம் சார். நம்மகிட்ட 18 லட்சம்தான். டாக்டர் வண்டி, சிங்கிள் ஓனர். லோன் வசதியும் இருக்கு!"

பார்ப்பவருக்கு உடனே ஒரு கணக்கு ஓடும். புது காம்பாக்ட் எஸ்யூவி ஒன்றுக்கே இன்று ஆன்-ரோடு விலை 15 லட்சத்தைத் தொடுகிறது. கூட 3 லட்சம் போட்டால் பென்ஸ், பிஎம்டபிள்யூ, ஆடி வீட்டு வாசலில் நிற்கும் என்றால் யாருக்குத்தான் ஆசை வராது?

ஆசையில் தப்பில்லை. ஆனால் யானையை வாங்குவது ஒரு செலவு, அதைக் கட்டித் தீனி போடுவது இன்னொரு செலவு. பழைய சொகுசு கார் விஷயத்தில் பலர் முதல் செலவை மட்டும் பார்த்துவிட்டு கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். இரண்டாவது செலவு எவ்வளவு, அதை உங்கள் வருமானம் தாங்குமா? விரிவாகப் பார்க்கலாம்.

சுருக்கமாக:

- காரின் சந்தை விலை குறைகிறது. அதன் உதிரிபாக விலையும் சர்வீஸ் கட்டணமும் அப்படிக் குறைவதில்லை.
- மாத இஎம்ஐ என்பது மொத்த மாதச் செலவில் பாதிகூட இல்லாமல் போகலாம்.
- வெளிமாநில வண்டி என்றால் விலையோடு தமிழ்நாட்டு சாலை வரியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.
- தனியாக ஒரு ரிப்பேர் நிதி இல்லாமல் இந்த வண்டியை வாங்குவது ஆபத்து.

விலை ஏன் இவ்வளவு இறங்குகிறது?

சொகுசு கார்களைப் புதிதாக வாங்குபவர்களில் பலர் தொழில் செய்பவர்கள், நிறுவனங்கள், மருத்துவர்கள். நிறுவனத்தின் பெயரில் வாங்கினால் தேய்மானத்தை வணிகச் செலவாகக் காட்ட முடியும். லோன் முடிந்ததும் அல்லது வாரண்டி முடிந்ததும் அடுத்த மாடலுக்கு மாறிவிடுவார்கள். அதனால் 4 முதல் 7 வயதுள்ள வண்டிகள் சந்தைக்கு வந்துகொண்டே இருக்கின்றன.

ஆனால் அந்த வண்டியை வாங்க வருபவர்கள் குறைவு. வாரண்டி இல்லாத காரின் செலவு தெரிந்தவர்கள் ஒதுங்கிவிடுகிறார்கள். புது கார் வாங்க வசதியுள்ளவர்கள் பழையதைத் தேடுவதில்லை. விற்பவர் அதிகம், வாங்குபவர் குறைவு என்றால் விலை சரியத்தானே செய்யும்?

இன்னொரு காரணமும் சேர்ந்துள்ளது. 2025 செப்டம்பர் 22 முதல் பெரிய கார்களுக்கான ஜிஎஸ்டி 40 சதவீதமாக மாற்றப்பட்டு, அதன் மேல் இருந்த இழப்பீட்டு செஸ் நீக்கப்பட்டது. அதற்கு முன் 28 சதவீத ஜிஎஸ்டியும் செஸ்ஸும் சேர்ந்து, பெரிய எஸ்யூவிகளுக்கு 50 சதவீதம் வரை வரி இருந்தது. புது காரின் விலை இறங்கினால் பழைய காரின் மதிப்பும் இறங்கியாக வேண்டும். எனவே "அப்போ இந்த வண்டி 60 லட்சம் சார்" என்று விற்பவர் சொன்னால், அதே மாடல் இன்று ஷோரூமில் என்ன விலை என்று முதலில் கேளுங்கள். பேரத்தை அங்கிருந்து தொடங்குங்கள்.

விலை இறங்குகிறது சரி... இறங்காதது எது?

60 லட்சம் ரூபாய் காரை 18 லட்சத்துக்கு வாங்கினால், பராமரிப்புச் செலவும் 18 லட்சம் ரூபாய் கார் அளவுக்குத்தான் இருக்கும் என்று நினைப்பதுதான் பெரிய தவறு. கார் எப்போதும் 60 லட்சம் ரூபாய் கார்தான். ஹெட்லைட் உடைந்தால் 60 லட்சம் ரூபாய் காரின் ஹெட்லைட்டைத்தான் வாங்கிப் போட வேண்டும்.

பிஎம்டபிள்யூ நிறுவனத்துக்குச் செங்கல்பட்டு அருகே மகேந்திரா வேர்ல்டு சிட்டியில் தொழிற்சாலை இருக்கிறது. மெர்சிடிஸ்-பென்ஸுக்கு புனே அருகே சாகனில் இருக்கிறது. "இங்கேயே தயாராகும் வண்டிக்கு பார்ட்ஸ் விலை ஏன் அதிகம்?" என்ற கேள்வி வரலாம். இங்கே பல மாடல்கள் ஒன்றுசேர்க்கப்படுகின்றன என்றாலும், எலெக்ட்ரானிக் பாகங்களும் கியர்பாக்ஸ் உதிரிபாகங்களும் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்துதான் வருகின்றன. சுங்க வரி, யூரோ மதிப்பு, போக்குவரத்து எல்லாம் அந்த விலையில் சேரும்.

வண்டி 6, 7 வயதைத் தாண்டும்போது வழக்கமாகச் செலவு வைக்கும் இடங்கள் இவை:

- ஏர் சஸ்பென்ஷன்: காற்றுப் பைகளில் கசிவு வந்தால் இரவு நிறுத்திய வண்டி காலையில் ஒரு பக்கம் தாழ்ந்து நிற்கும். பையோடு கம்ப்ரஸரும் போனால் பில் எளிதாக லட்சத்தைத் தாண்டும்.
- ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்: ஆயில் மாற்றாமல் ஓட்டிய வண்டியில் மெக்கட்ரானிக் யூனிட் அல்லது கிளட்ச் பேக் பழுதானால், பெரிய பில் இங்கேதான்.
- கூலிங் சிஸ்டம்: வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட், ஹோஸ் இணைப்புகளில் பிளாஸ்டிக் பாகங்கள் அதிகம். நம் ஊர் வெயிலில் அவை இறுகி வெடிக்கும். கவனிக்காமல் ஓட்டினால் இன்ஜினே போகும்.
- டீசல் வண்டிகளில் டிபிஎஃப்: நகரத்துக்குள் மட்டும் சின்னச் சின்னத் தூரம் ஓட்டும் வண்டியில் புகை வடிகட்டி அடைத்துக்கொள்ளும்.
- டயர்: ரன்-ஃபிளாட் டயர் உள்ள பல மாடல்களில் ஸ்டெப்னியே கிடையாது. சாதாரண டயரைவிட விலை அதிகம். எல்லா பஞ்சர் கடையிலும் கைவைக்க மாட்டார்கள்.
- எலெக்ட்ரானிக்ஸ்: பல பாகங்களைக் கழற்றி மாட்டினால் மட்டும் வேலை செய்யாது. கம்ப்யூட்டரில் இணைத்து கோடிங் செய்ய வேண்டும். சில மாடல்களில் பேட்டரி மாற்றினால்கூட அதைப் பதிவு செய்ய வேண்டும்.

இவை எல்லாம் ஒரே வருடத்தில் வராது. ஆனால் 4 வருடம் வைத்திருந்தால் இதில் ஒன்றோ இரண்டோ வராமலும் போகாது. எப்போது வரும் என்று சொல்ல முடியாது என்பதுதான் சிக்கல்.

மாதக் கணக்கு எவ்வளவு?

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். கோவையில் சின்ன அளவில் தொழில் செய்யும் ஒருவர். அவரும் மனைவியும் சேர்ந்து மாதம் 1.5 லட்சம் ரூபாய் கையில் வாங்குகிறார்கள். வீட்டுக் கடன் இஎம்ஐ 35,000 ரூபாய். 7 வயதுள்ள ஒரு சொகுசு செடானை 18 லட்சத்துக்குப் பார்க்கிறார். கையில் இருக்கும் 6 லட்சத்தை முன்பணமாகக் கட்டி, மீதி 12 லட்சத்துக்கு லோன் எடுக்கிறார்.

பழைய காருக்கான லோன் வட்டி பொதுவாகப் புது காரைவிட அதிகம். 13 சதவீதம், 4 ஆண்டு என்று வைத்தால் கணக்கு இப்படி வரும் (மாதம் 1,000 கிலோமீட்டர் ஓட்டுவதாக வைத்துக்கொண்டது; மாடலையும் ஊரையும் பொறுத்து மாறும்):

- இஎம்ஐ: சுமார் 32,200 ரூபாய்
- பெட்ரோல் (லிட்டருக்கு 10 கி.மீ., லிட்டர் 100 ரூபாய்): 10,000 ரூபாய்
- இன்சூரன்ஸ் (ஆண்டுக்கு 60,000 என்று வைத்தால்): 5,000 ரூபாய்
- வழக்கமான சர்வீஸ், பிரேக் பேட், ஆயில் (ஆண்டுக்கு 1.2 லட்சம்): 10,000 ரூபாய்
- எதிர்பாராத ரிப்பேருக்கு ஒதுக்கீடு (ஆண்டுக்கு 1.2 லட்சம்): 10,000 ரூபாய்
- டயர் (ஒரு செட் 1 லட்சம், 40,000 கி.மீ. உழைக்கும் என்றால்): 2,500 ரூபாய்

மொத்தம்: மாதம் சுமார் 69,700 ரூபாய்.

இதில் இஎம்ஐ பாதிக்கும் குறைவு. "மாசம் 32 ஆயிரம்தானே, சமாளிச்சுக்கலாம்" என்று நினைத்தவர், அதைவிடப் பெரிய தொகை ஒன்றைக் கணக்கிலேயே எடுக்கவில்லை. வீட்டுக் கடனையும் காரையும் சேர்த்தால் மாதம் 1,04,700 ரூபாய் போய்விடும். குழந்தைகள் பள்ளிக் கட்டணம், மளிகை, மருத்துவம், சேமிப்பு எல்லாவற்றுக்கும் மிஞ்சுவது 45,300 ரூபாய்.

அதே 6 லட்சம் முன்பணத்தில் 15 லட்சம் ரூபாய் புது காம்பாக்ட் எஸ்யூவி எடுத்தால்? 9 லட்சம் லோன், 9 சதவீத வட்டி, 5 ஆண்டு. இஎம்ஐ சுமார் 18,700. லிட்டருக்கு 15 கி.மீ. என்றால் பெட்ரோல் 6,700. இன்சூரன்ஸ் 3,000, சர்வீஸ் 1,500, டயர் 700 என்று வைத்தால் மொத்தம் சுமார் 30,600 ரூபாய். வாங்கும் விலையில் இரண்டு கார்களுக்கும் வித்தியாசம் 3 லட்சம்தான். மாதச் செலவிலோ இரண்டு மடங்குக்கு மேல்!

அப்படியானால் எவ்வளவு வருமானம் இருந்தால் தாங்கும்?

கார் வாங்குவதற்கு 20/4/10 என்று ஒரு விதி சொல்வார்கள். குறைந்தது 20 சதவீதம் முன்பணம், அதிகபட்சம் 4 ஆண்டு லோன், காருக்கான எல்லாச் செலவும் சேர்ந்து வருமானத்தில் 10 சதவீதத்துக்குள். இது அமெரிக்காவில் பிரபலமான விதி. அதை அப்படியே எடுத்தால், மேலே சொன்ன காருக்கு மாத வருமானம் சுமார் 7 லட்சம் இருக்க வேண்டும்.

அது ரொம்பக் கறார் என்று தோன்றலாம். சரி, 20 சதவீதம் வரை போகலாம் என்று தளர்த்தினாலும் மாதம் சுமார் 3.5 லட்சம் வேண்டும். உதாரணத்தில் வந்த குடும்பத்துக்கோ 46 சதவீதம் ஆகிறது.

சதவீதத்தைவிட எளிதான ஒரு சோதனையும் இருக்கிறது. கார் வாங்கிய மூன்றாவது மாதம் சர்வீஸ் சென்டரிலிருந்து போன் வருகிறது: "சார், கியர்பாக்ஸ் பிரச்சனை. 3 லட்சம் ஆகும்." அந்த 3 லட்சத்தை நகையை அடகு வைக்காமல், கிரெடிட் கார்டைத் தேய்க்காமல், பிள்ளையின் கல்லூரிப் பணத்தைத் தொடாமல் உங்களால் கட்ட முடியுமா? அந்த மாதமும் இஎம்ஐ தவறாமல் போகுமா?

"முடியும்" என்றால் மேலே படியுங்கள். "எப்படியாவது சமாளிப்போம்" என்பது பதில் என்றால், இந்த கார் இப்போதைக்கு உங்களுக்கானது அல்ல.

பாதியில் மாட்டிக்கொள்பவர்களின் கதை பெரும்பாலும் ஒரே மாதிரிதான். பெரிய பில் வரும். வண்டி ஷெட்டில் நிற்கும். ரிப்பேர் செய்யப் பணம் இருக்காது. ரிப்பேர் செய்யாமல் விற்கப் போனால் அடிமாட்டு விலைக்குக் கேட்பார்கள். ஆனால் இஎம்ஐ மட்டும் மாதாமாதம் போய்க்கொண்டிருக்கும்.

இன்சூரன்ஸ் இருக்கிறதே, அது போதாதா?

முதல் விஷயம், இன்சூரன்ஸ் விபத்துக்குத்தான். தேய்மானத்தால் வரும் கியர்பாக்ஸ், சஸ்பென்ஷன் பழுதுகளுக்கு அது வராது.

இரண்டாவது, விபத்து என்றாலும் முழுப் பணம் வராது. சாதாரண காம்ப்ரஹென்சிவ் பாலிசியில் ரப்பர், பிளாஸ்டிக், டயர், பேட்டரி, ஏர்பேக் ஆகியவற்றுக்கு 50 சதவீதம் தேய்மானம் கழிப்பது நடைமுறை. உலோகப் பாகங்களுக்கு வண்டியின் வயதைப் பொறுத்துக் கழிப்பார்கள். 5 வயது தாண்டிய வண்டிக்கு 40 சதவீதம். மீதியை உங்கள் கையிலிருந்துதான் கொடுக்க வேண்டும். இதைத் தவிர்க்க ஜீரோ டெப்ரிசியேஷன் கவர் இருக்கிறது. ஆனால் வயதான வண்டிகளுக்குப் பல நிறுவனங்கள் அதைத் தருவதில்லை. காரைப் பார்க்கப் போகும் முன்பே, அந்தப் பதிவு எண்ணை வைத்து ஜீரோ டெப் கிடைக்குமா, பிரீமியம் எவ்வளவு என்று விசாரித்துவிடுங்கள்.

மூன்றாவது விஷயம்தான் பலருக்குத் தெரியாதது. வண்டியின் ஐடிவி, அதாவது காப்பீட்டு மதிப்பு, பழைய கார் விலையை ஒட்டி இருக்கும். ஆனால் ரிப்பேர் பில் புது கார் பாகங்களின் விலையில் வரும். ரிப்பேர் செலவு ஐடிவியில் 75 சதவீதத்தைத் தாண்டினால், வண்டி 'டோட்டல் லாஸ்' என்று அறிவிக்கப்படும். ஐடிவி 15 லட்சம் என்றால் அந்த எல்லை 11.25 லட்சம். முன்பக்கம் பலமாக இடித்து ஹெட்லைட், பானெட், ரேடியேட்டர், சென்சார், ஏர்பேக் எல்லாம் போனால், ஒரு சொகுசு காரில் பில் அந்தத் தொகையை நெருங்க வாய்ப்பு உண்டு.

அப்படி ஆனால் நம் உதாரணத்தில் என்ன நடக்கும்? ஓராண்டு இஎம்ஐ கட்டிய பிறகும் லோன் பாக்கி சுமார் 9.55 லட்சம் இருக்கும். 15 லட்சத்தில் அது வங்கிக்குப் போகும். கையில் வருவது 5.45 லட்சத்துக்கும் குறைவு. ஆனால் அதுவரை முன்பணமாகவும் இஎம்ஐ-யாகவும் கட்டியது 9.8 லட்சத்துக்கு மேல். இதில் பிரீமியத்தை மிச்சம் பிடிக்க ஐடிவியைக் குறைத்துப் போட்டிருந்தால் நிலைமை இன்னும் மோசம்.

இன்னொன்று: நோ கிளெய்ம் போனஸ் வண்டியோடு வராது. அது பழைய ஓனருக்குச் சொந்தமானது. எனவே அவர் கட்டிய குறைந்த பிரீமியத்தைப் பார்த்து நீங்கள் கணக்குப் போடக் கூடாது. வாங்கிய 14 நாட்களுக்குள் பாலிசியை உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பித்துவிடுங்கள். அதை விட்டுவிட்டால், சொந்த வண்டிக்கு ஏற்படும் சேதத்துக்கான கிளெய்மில் சிக்கல் வரும்.

"டெல்லி வண்டி" ஏன் மலிவு?

சொகுசு கார் விளம்பரங்களில் அடிக்கடி வரும் வார்த்தை 'டெல்லி வண்டி'. டெல்லி தலைநகர் மண்டலத்தில் 10 ஆண்டைத் தாண்டிய டீசல் வண்டிகளையும் 15 ஆண்டைத் தாண்டிய பெட்ரோல் வண்டிகளையும் ஓட்டக் கூடாது என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. அதற்கு முன்பே 2015-ல் டீசல் வண்டிகளுக்கு எதிராகத் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டிருந்தது.

2025 ஜூலையில் பழைய வண்டிகளுக்கு பங்க்குகளில் எரிபொருள் தரக் கூடாது என்ற நடவடிக்கை டெல்லியில் தொடங்கி, எதிர்ப்பால் சில நாட்களிலேயே நிறுத்தப்பட்டது. ஆகஸ்டில், வயதை மட்டும் காரணம் காட்டி நடவடிக்கை எடுக்க வேண்டாம் என்று உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்டது. டிசம்பரில் அந்தப் பாதுகாப்பு பிஎஸ்-4 மற்றும் அதற்கு மேற்பட்ட வண்டிகளுக்கு மட்டும் என்று சுருக்கப்பட்டது. விதி மாறிக்கொண்டே இருப்பதால், 8, 9 வயதிலேயே வண்டியை விற்றுவிடும் பழக்கம் அங்கே இருக்கிறது. அந்த வண்டிகள்தான் தெற்கே வருகின்றன.

தமிழ்நாட்டில் டீசலுக்கு 10 ஆண்டு தடை கிடையாது என்பது உண்மைதான். ஆனால் விளம்பரத்தில் சொல்லாத செலவு இங்கே இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டப்படி வெளிமாநில வண்டியை 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் தமிழ்நாட்டுப் பதிவு எண் வாங்க வேண்டும். அதற்கு டெல்லி ஆர்டிஓவின் என்ஓசி வேண்டும். பிறகு இங்கே வாழ்நாள் வரி கட்ட வேண்டும்.

தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் சாலை வரி உயர்த்தப்பட்டது. 20 லட்சத்துக்கு மேல் விலையுள்ள புது காருக்கு வரி 20 சதவீதம். பழைய காருக்கு வயதுக்கு ஏற்ப விகிதம் குறையும். இருந்தாலும் சொகுசு காருக்கு அது லட்சக்கணக்கில் வரலாம். குறிப்பிட்ட வண்டியின் பதிவு ஆண்டையும் விலையையும் சொல்லி, முன்பணம் கொடுப்பதற்கு முன்பே ஆர்டிஓ அலுவலகத்தில் தொகையைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். டெல்லி விலையோடு வரி, ஏஜென்ட் கட்டணம், வண்டியைக் கொண்டுவரும் செலவு எல்லாம் சேர்த்துப் பார்த்தால், டிஎன் பதிவுள்ள வண்டியே லாபமாக இருந்தாலும் ஆச்சரியமில்லை.

பழைய காருக்கு 18 சதவீத ஜிஎஸ்டியா?

2024 டிசம்பரில் ஜெய்சால்மரில் நடந்த ஜிஎஸ்டி கவுன்சில் கூட்டத்துக்குப் பிறகு இந்தக் குழப்பம் பெரிதாகப் பரவியது. காரின் முழு விலைக்கும் 18 சதவீதம் வரி இல்லை. ஜிஎஸ்டி பதிவு செய்த டீலர், தன் லாபத்தின் மீது மட்டும்தான் கட்ட வேண்டும். 15 லட்சத்துக்கு வாங்கி 18 லட்சத்துக்கு விற்றால், 3 லட்சத்தில் 18 சதவீதம், அதாவது 54,000 ரூபாய். தனிநபர் இன்னொரு தனிநபருக்கு விற்றால் இந்த வரி கிடையாது.

எனவே "18 லட்சத்துக்கு மேல ஜிஎஸ்டி தனி சார்" என்று யாராவது முழு விலைக்கும் வரி கேட்டால், எழுத்தில் பில் கேளுங்கள். அதேபோல, வருமான வரிச் சட்டப்படி ஒரே பரிவர்த்தனையில் 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது. "பாதி கேஷா குடுங்க" என்பவரிடம் எச்சரிக்கை தேவை.

வெள்ளத்தில் நின்ற வண்டியா? கண்டுபிடிப்பது எப்படி?

2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் சென்னையில் தண்ணீரில் நின்ற கார்களை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். டோட்டல் லாஸ் என்று ஒதுக்கப்படும் வண்டிகள் ஏலத்தில் போகும். அவற்றில் சில, கழுவித் துடைத்து மீண்டும் சந்தைக்கு வந்துவிடும். சொகுசு காரில் இது இரட்டை ஆபத்து. சீட்டுக்கு அடியிலும் தரை விரிப்புக்குக் கீழும் கண்ட்ரோல் யூனிட்டுகள் இருக்கும். தண்ணீர் பட்ட வயரிங் உடனே போகாது. மாதங்கள் கழித்து ஒவ்வொன்றாகப் போகும்.

வாங்கும் முன் செய்ய வேண்டியவை:

- தரை விரிப்பைத் தூக்கிப் பாருங்கள். சீட் போல்ட்டில் துரு, சீட் பெல்ட்டை முழுதாக இழுத்தால் அடியில் சேற்றுக் கறை, உள்ளே மக்கிய வாடை இருந்தால் விலகிவிடுங்கள்.
- பரிவாஹன் தளத்தில் பதிவு எண்ணைப் போட்டு ஓனர் எண்ணிக்கை, லோன் பாக்கி, இன்சூரன்ஸ், ஃபிட்னஸ் தேதியைப் பாருங்கள். சலான் பாக்கியையும் தனியாகப் பாருங்கள்.
- சேசிஸ் எண்ணைக் கொடுத்து அதிகாரப்பூர்வ சர்வீஸ் சென்டரில் முழு சர்வீஸ் ஹிஸ்டரி கேளுங்கள். ஓனரின் சம்மதம் தேவைப்படலாம். அவர் தயங்கினால் அதுவே ஒரு பதில்.
- அந்த பிராண்டுக்கான ஸ்கேனர் வைத்திருக்கும் மெக்கானிக்கிடம் முழு ஸ்கேன் எடுங்கள். பல யூனிட்டுகளில் கிலோமீட்டர் பதிவாகும் என்பதால், மீட்டரைத் திருப்பியிருந்தால் பிடிபட வாய்ப்பு அதிகம்.
- முந்தைய இன்சூரன்ஸ் கிளெய்ம் விவரம் கேளுங்கள்.
- காலையில் இன்ஜின் குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் செய்து பாருங்கள். நீங்கள் போவதற்கு முன்பே வண்டியைச் சூடேற்றி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லுங்கள்.
- 2023 ஏப்ரலுக்கு முன் தயாரான பெட்ரோல் வண்டி என்றால், இ20 பெட்ரோலுக்கு ஏற்றதா என்று தயாரிப்பு நிறுவனத்திடமே கேட்டுவிடுங்கள்.

இந்தப் பரிசோதனைக்குச் சில ஆயிரம் ரூபாய் ஆகலாம். 18 லட்சம் ரூபாய் முடிவுக்கு முன்னால் அது பெரிய தொகை அல்ல.

டீலரிடம் வாங்குவதா, நேரடியாக வாங்குவதா?

நேரடியாக ஓனரிடம் வாங்கினால் விலை குறையலாம். ஆனால் பிறகு பிரச்சனை வந்தால் கேட்க ஆள் இல்லை. வியாபாரமாக விற்கும் டீலர் மீது நுகர்வோர் நீதிமன்றம் போக முடியும். 2023 ஏப்ரல் முதல், பழைய வண்டி விற்கும் டீலர்கள் போக்குவரத்துத் துறையிடம் அங்கீகாரச் சான்று வாங்கியிருக்க வேண்டும் என்ற விதி நடைமுறையில் இருக்கிறது. அந்தச் சான்றைக் காட்டச் சொல்வதில் தவறில்லை.

மூன்றாவது வழி, கார் நிறுவனங்களே நடத்தும் சர்டிஃபைடு பழைய கார் விற்பனை. பிஎம்டபிள்யூ, மெர்சிடிஸ்-பென்ஸ், ஆடி மூன்றுக்கும் இது இருக்கிறது. வெளியே கிடைப்பதைவிட விலை அதிகம்தான். ஆனால் பரிசோதனை அறிக்கையும் வாரண்டியும் கிடைக்கும். முதல் முறையாகச் சொகுசு கார் வாங்குபவருக்கு அந்தக் கூடுதல் பணம் ஒரு வகையில் பயத்துக்கான காப்பீடு. வாரண்டியில் எது வரும், எது வராது என்பதை மட்டும் வரி வரியாகப் படித்துவிடுங்கள்.

யாருக்கு இது சரிப்படும்?

இவ்வளவும் படித்த பிறகு, பழைய சொகுசு கார் என்றாலே நஷ்டம் என்று முடிவு கட்ட வேண்டியதில்லை. புது காரின் முதல் சில ஆண்டு பெரிய தேய்மானத்தை வேறொருவர் ஏற்றுக்கொண்ட பிறகு வாங்குவது நல்ல வாய்ப்புதான். பாதுகாப்பு, ஓட்டும் சுகம், நெடுஞ்சாலையில் கிடைக்கும் நிதானம் எல்லாம் உண்மையானவை. ஆனால் அது சிலருக்குத்தான் பொருந்தும்:

- லோன் இல்லாமலோ, மிகச் சிறிய லோனிலோ வாங்கக்கூடியவர்.
- வீட்டில் இன்னொரு வண்டி இருப்பவர். சொகுசு கார் இரண்டு வாரம் ஷெட்டில் நின்றாலும் வேலை நிற்காது.
- ஊரிலோ பக்கத்து ஊரிலோ அந்த பிராண்டில் கை தேர்ந்த மெக்கானிக் அல்லது சர்வீஸ் சென்டர் உள்ளவர். சென்னை, கோவையில் இருப்பவருக்கு இது எளிது. சின்ன ஊர் என்றால் டோவிங் செலவும் சேரும்.
- வாங்கும் அன்றே 3 லட்சம் ரூபாயைத் தனிக் கணக்கில் போட்டு, அதைத் தொடாமல் வைக்க முடிந்தவர்.

இந்த நான்கில் இரண்டு இல்லை என்றால் காத்திருப்பது நல்லது. நம் கோவைக் குடும்பத்துக்கு நான்காவது நிபந்தனையே இடிக்கிறது. கையில் இருந்த 6 லட்சமும் முன்பணமாகப் போய்விட்டதே! ஆசை விடவில்லை என்றால், அவர்கள் செய்யக்கூடிய ஒரு பயிற்சி உண்டு. கார் வாங்கியதாக நினைத்துக்கொண்டு, மாதம் 69,700 ரூபாயில் இப்போதைய காருக்கு ஆகும் செலவைக் கழித்து, மீதியை 6 மாதம் தனிக் கணக்கில் போட்டுப் பார்க்கலாம்.

6 மாதமும் சிரமமில்லாமல் போட முடிந்தால், வண்டி பார்க்கப் போகலாம். ரிப்பேர் நிதியும் தயாராகியிருக்கும். இரண்டாவது மாதமே அந்தக் கணக்கிலிருந்து எடுக்க வேண்டி வந்தால், விடை கிடைத்துவிட்டது. நஷ்டம் எதுவும் இல்லை, சேமித்த பணம் அவர்களிடமேதான் இருக்கும்.